தவழும் குழந்தை, 12 தொட்டி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

#1 புதுப்பாத்தி

சுருக்கமாகவே கேட்கிறேன். 20 லிட்டர் வாளி அளவில் 12 தொட்டிகள். தக்காளி 4, வெண்டை 3, மிளகாய் 2, கத்தரி 1, கீரை 2. பக்கத்தில் குழாய் கிடையாது, ஆனால் 200 லிட்டர் டிரம் வைக்க இடம் உண்டு. குழந்தைக்கு 8 மாதம், தவழ ஆரம்பித்தாயிற்று. பகலில் கவனிக்க ஒரே ஆள்தான், சேர்ந்தாற்போல 15 நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு வருடம் எல்லாவற்றையும் மூடிவைப்பதா, குறைப்பதா? குறைப்பதென்றால் எதை?

#2 வேர்முடிச்சு

மூட வேண்டாம். ஆனால் தொட்டி எண்ணிக்கையைப் பார்த்துக் குறைத்தால் பலன் இருக்காது. ஒவ்வொரு செடியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் இது என்ன ஆகும்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மூன்று நாள் நிச்சயம் வரும்.

வெண்டை தோற்றுவிடும். பூத்து 4 முதல் 6 நாளுக்குள் பறிக்க வேண்டிய காய் அது. தவறினால் நாராகும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த பூக்களும் குறையும். போதாததற்கு, 3 செடியில் ஒரு வேளைக்குப் போதுமான காய் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். வைத்தால் 8, 10 செடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். நான் என்றால் மூன்றையும் எடுத்துவிடுவேன்.

தக்காளியில் எந்த ரகம் என்பதுதான் விஷயம். கொடியாக ஓடும் ரகத்துக்கு வாரம் ஒரு முறை பக்கத்துளிர் கிள்ளி, கட்ட வேண்டும். இரண்டு வாரம் விட்டால் புதர்க்காடு. குட்டையாக வளர்ந்து நின்றுவிடும் ரகத்துக்கு அந்த வேலை இல்லை, ஒரே ஒரு குச்சி போதும். நீர் ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளம் என்று மாறினால் எந்த ரகமானாலும் காய் வெடிக்கும், காயின் அடி கறுத்து அழுகும். அடி கறுப்பதற்குப் பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாதது காரணமல்ல. நீர் ஒழுங்காக ஏறாததால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. குட்டை ரகம் 2 செடி வையுங்கள்.

மிளகாய் பொறுமைசாலி. பச்சையில் தவறினால் சிவப்பில் பறிக்கலாம். கத்தரியும் நாலைந்து நாள் தாங்கும், தோல் மினுமினுப்பு மங்குவதற்குள் எடுத்தால் சரி. வேரோடு பிடுங்கும் கீரைக்குப் பதில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் கீரை. தரையிலிருந்து 7, 8 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

என் கணக்கு: தக்காளி 2, மிளகாய் 2, கத்தரி 1, கீரை 3. மொத்தம் 8. மீதி 4 தொட்டியை மூடிவைத்துவிடலாம்.

#3 சொட்டுக்குழாய்

8 தொட்டின்னா டிரம்மே தாராளம். கடும் வெயிலில் காய்க்கிற தக்காளி ஒரு நாளைக்கு 2, 3 லிட்டர் குடிக்கும். மற்றதெல்லாம் ஒன்றரை லிட்டர்னு வைங்க. 8 தொட்டிக்கும் சேர்த்து நாளுக்கு 15 லிட்டருக்குள் முடியும். 200 லிட்டர் டிரம் 12, 13 நாள் வரும்.

தேவையானது: டிரம்முக்கு ஒரு டேங்க் நிப்பிள் (டிரம்மில் குழாய் பொருத்தும் இணைப்பு), திறந்து மூடும் வால்வு, ஃபில்டர், பேட்டரி டைமர், 16 மி.மீ. பிரதான குழாய், அதிலிருந்து தொட்டிக்கு 4 மி.மீ. குழாய், திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரிப்பர் (சொட்டு விடும் முனை), கடைசியில் எண்ட் கேப். நிப்பிளை டிரம்மின் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே போடுங்க, கசடு கீழேயே தங்கும்.

எல்லாரும் தப்பு பண்ணுகிற இடம் டைமர். சோலினாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வகை டைமர் குழாய் அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்கா திறக்கும். டிரம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் வெறும் 0.1 பார் (பார் என்பது அழுத்த அளவு). அதுக்கு ball valve, அதாவது உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வு உள்ள டைமர்தான் சரி, பூஜ்ய அழுத்தத்திலும் வேலை செய்யும்னு பெட்டியில் போட்டிருக்கும். அதே காரணத்தால் அழுத்தம் சரிசெய்யும் டிரிப்பரும் இங்கே உதவாது, அது திறக்கவே அரை பாராவது வேணும். அழுத்தக் குறைப்பானை வாங்காதீங்க, குறைக்க இங்கே ஒண்ணுமே இல்லை.

போட்டு முடிச்சதும் எண்ட் கேப்பைக் கழற்றி ஒரு நிமிஷம் தண்ணீர் ஓட விடுங்க. உள்ளே சிக்கிய காற்று வெளியேறும், குழாய் வெட்டின தூசும் போகும். அப்புறம் ஒவ்வொரு டிரிப்பருக்கும் அடியில் ஒரு டம்ளர் வைத்து 15 நிமிஷம் ஓட்டுங்க. டிரம்முக்குப் பக்கத்துத் தொட்டிக்கு அதிகம் போயிருக்கும், கடைசித் தொட்டிக்குக் குறைவா போயிருக்கும். திருகித் திருகிச் சமன் பண்ணுங்க. டிரம் பாதி காலியானதும் ஓட்டம் குறையும் என்பதால் இந்த அளவை டிரம் பாதி இருக்கும்போது எடுத்தால் சராசரி சரியா வரும்.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஒரே தடவையில் முழுக்க விட்டால் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் பாதி ஓட்டை வழியா ஓடிடும்.

ஒண்ணு மறக்காதீங்க: டைமர் திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் சில டைமர் திறந்தபடியே நின்றுவிடும். ராத்திரியோடு டிரம் காலி. பேட்டரியை நாள்காட்டியில் குறித்துவைத்து, தீரும் முன்னே மாற்றுங்க.

#4 வாளித்தோட்டம்

இவ்வளவு குழாய் எதுக்கு? அடியில் நீர் தேக்கும் வாளி செய்தால் டைமரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

ஒரே அளவு 20 லிட்டர் வாளி இரண்டு. ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி, இரண்டு அடிக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி வருகிற மாதிரி உள்ளே ஒரு டப்பாவைத் தாங்கலாக வைக்கணும். உள் வாளியின் அடியில் 6 மி.மீ. துளை 10, நடுவில் 7 செ.மீ. அகலத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் சல்லடைக் கப் ஒன்றைத் தொங்கவிட்டு, கலவையை ஈரமாக்கி நன்றாக அழுத்தி நிரப்பணும். கப் நீருக்குள் நிற்கும், அது வழியாகத்தான் ஈரம் ஏறும். நீர் ஊற்ற, 25 மி.மீ. பிவிசி குழாயின் கீழ்முனையைச் சரிவாக வெட்டி, மேலிருந்து தேக்கம் வரை இறக்குங்க. வெளி வாளியில், உள் வாளியின் அடிக்கு ஒன்றரை செ.மீ. கீழே ஒரு வழிதுளை. இந்தத் துளை இல்லாவிட்டால் ஒரு மழைக்கே வேர் அழுகிடும்.

கலவை: கோகோபீட் 6 பங்கு, மண்புழு உரம் 3, கரடான மணல் 1. தோட்ட மண் போட்டால் இந்த வாளியில் சேறாகத்தான் நிற்கும்.

#5 சொட்டுக்குழாய்

நல்ல முறைதான், மறுக்கலை. ஆனா அந்த இடைவெளியில் உண்மையில் நிற்கிற நீர் 4, 5 லிட்டர். காய்க்கிற தக்காளிக்கு இரண்டு நாள். மூன்று நாள் சோதனையில் அதுவும் தோற்குதே. மிளகாய்க்கும் கீரைக்கும் சரி.

கப்புக்குப் பதிலா பருத்தித் துணியைத் திரியாகப் போடச் சொல்கிறவங்க உண்டு. சில வாரத்தில் மக்கி அறுந்துடும். திரின்னா நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு.

#6 வாளித்தோட்டம்

ஒத்துக்கறேன், தக்காளிக்கு உங்க டிரிப். கீரை, மிளகாய்க்கு என் வாளி. இன்னொரு பராமரிப்பும் உண்டு: கீழிருந்தே நீர் ஏறுவதால் உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒரு தடவை மேலிருந்து 5, 6 லிட்டர் ஊற்றி வழிதுளை வழியாகக் கழுவி விடுங்க.

#7 மூன்றடி_உயரம்

இதுவரை பேசியது செடியின் பக்கம். குழந்தையின் பக்கம் பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கையும் முழங்காலும் ஊன்றி அந்த இடத்தை ஒரு சுற்று வாருங்கள். நின்று பார்த்தால் தெரியாதவை தெரியும்.

முதலில் தண்ணீர். குழந்தை மூழ்க 5 செ.மீ. நீர் போதும், சத்தமும் வராது. வாளிக்குள் தலைகுப்புற விழும் குழந்தைக்குத் தலைதான் கனம், தானாக நிமிர முடியாது. வேலை முடிந்த வாளி கவிழ்ந்தே இருக்க வேண்டும். டிரம்முக்குப் பூட்டு வளையம் உள்ள மூடி. வாளித்தோட்டம் சொன்ன ஊற்றும் குழாய்க்கும் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் குழந்தை கல்லைப் போடும், கொசு முட்டை போடும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வரை 7 முதல் 10 நாள்தான். தொட்டித் தட்டுகளை வாரம் ஒரு முறை கொட்டிவிடுங்கள்.

அடுத்தது எடை. நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். உயரத்தில் வைத்தால் அழுத்தம் கூடுமென்று ஒல்லிக்கால் ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள். கான்கிரீட் கட்டை அடுக்கி அரை மீட்டருக்குள் நிறுத்துங்கள். ஓட்டம் குறைந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பால்கனியோ மாடியோ என்றால் அந்தத் தளம் இவ்வளவு எடை தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே டிரம்மை நிரப்புங்கள். நனைந்த 20 லிட்டர் தொட்டியும் 20 கிலோவைத் தாண்டும். திட்டின் மேலோ ஸ்டூலின் மேலோ வேண்டாம், தரையில்தான்.

கைப்பிடிச் சுவர் இருந்தால், அதை ஒட்டி எந்தத் தொட்டியும் இருக்கக் கூடாது. தவழும் குழந்தை சில மாதங்களில் ஏறும் குழந்தை. சுவரோரத் தொட்டி அதற்குப் படிக்கட்டு. குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

குச்சி நுனிகள். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கண் 65, 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். மிளகாய்க்கு ஊன்றும் குச்சியும் ஏறக்குறைய அதே உயரம். ஒவ்வொரு நுனியிலும் ரப்பர் பந்தைச் செருகுங்கள். பந்து பெரிதாக இருக்கட்டும், வாயில் அடங்கும் அளவு வேண்டாம். கயிறும் 4 மி.மீ. குழாயும் சுருக்காகத் தொங்கக் கூடாது, கழுத்தில் மாட்டும்.

கடைசியாக, வாயில் போகக்கூடியவை. யூரியா மணி, பூச்சு போட்ட உர மணி எல்லாம் மிட்டாய் மாதிரி இருக்கும். சிவப்பு, நீலச் சாயம் பூசிய விதை பூஞ்சைக்கொல்லி தடவியது. ஈரம் காக்க மண்ணில் கலக்கும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அலங்காரத்துக்கென்று நிற்கும் அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். தக்காளி, கத்தரி இலையும் தின்பதற்கில்லை.

#8 பச்சிலை

ரசாயனம் தவிர்த்து வேப்பெண்ணெய் மட்டும் பயன்படுத்தினால் குழந்தை இருக்கும் வீட்டில் கவலையில்லை. 1 லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கவும்.

#9 மூன்றடி_உயரம்

அளவும் நேரமும் சரி. "கவலையில்லை" என்பது சரியில்லை. கைக்குழந்தைகள் வேப்பெண்ணெய் குடித்து வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சில மில்லியே போதும். இயற்கை என்ற சொல்லுக்குக் குழந்தையின் கல்லீரல் கட்டுப்படாது. பூட்டிய அலமாரியில், வாங்கிய பாட்டிலிலேயே இருக்கட்டும். மீந்த கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். அவசரத்துக்கு ஒன்று: குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அசுவினிக்கு (இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) எண்ணெயே தேவையில்லை. இலையின் அடியில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் உதிரும், இரண்டு மூன்று நாள் இடைவிட்டு மூன்று தடவை. மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். 8 தொட்டிக்கு இது கட்டுப்படியாகும்.

#10 புதுப்பாத்தி

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. குழந்தை மண்ணை வாயில் வைப்பதை முழுக்கத் தடுக்க முடியவில்லை, தொழு உரம் போட்ட தொட்டி ஆபத்தா? தொட்டிக் கீரையைக் குழந்தைக்கு மசித்துக் கொடுக்கலாமா?

#11 மட்குக்குழி

பச்சைச் சாணமும் அரைகுறையாக மக்கிய கோழி எருவும் வேண்டவே வேண்டாம். அமெரிக்க இயற்கை வேளாண் சான்று விதியில், மக்காத எரு இட்டதற்கும் அறுவடைக்கும் நடுவே மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாள், தொடாததற்கு 90 நாள் இடைவெளி கேட்கிறார்கள். அது பயிருக்கான கணக்கு. மண்ணையே தின்னும் குழந்தைக்கு நான் அதையும் ஏற்க மாட்டேன்.

கிருமி சாக வேண்டுமானால் மட்குக் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். அதே விதியில் திறந்த குவியலுக்கு 15 நாள், 5 தடவை புரட்டல். வீட்டு வாளியில் அந்தச் சூடு வராது, சுமார் ஒரு கன மீட்டர் குவியல் இருந்தால்தான் உள்ளே வெப்பம் தங்கும். ஆகவே வாளியில் செய்த மட்கு கறுப்பாக, மண் வாசனையோடு இருந்தாலும் கிருமி நீங்கியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எருவோ இறைச்சிக் கழிவோ சேராத, காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்டும் போட்ட மட்கு வேறு கதை. அதிலும் மேலே 5 செ.மீ. வைக்கோல் மூடாக்குப் போட்டுவிட்டால் கைக்கு மண் எட்டாது, நீரும் மிச்சம்.

பூனை வந்து போகிற இடமென்றால் கம்பி வலையை மண்ணின் மேல் படுக்கவைத்து அதன் கண்ணியில் செடி நடுங்கள். பூனைக் கழிவிலுள்ள டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வெளியே வந்து 1 முதல் 5 நாளில்தான் தொற்றும் நிலைக்கு வருகிறது, அன்றன்றைக்கே அள்ளினால் பாதி வேலை முடிந்தது. கையுறை போட்டு அள்ளுங்கள். கர்ப்பிணி அதைச் செய்ய வேண்டாம்.

பழைய பெயின்ட் உரியும் சுவரை ஒட்டிய மண்ணில் ஈயம் இருக்கலாம். தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, புதுக் கலவை போடுங்கள். தடுப்பூசி அட்டவணை தவறக் கூடாது. குடற்புழு மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், உலக சுகாதார நிறுவனமே அதை 12 மாதத்துக்குப் பிறகுதான் பரிந்துரைக்கிறது.

#12 கீரைக்கட்டு

8 மாதத்தில் கீரை கொடுக்கலாம், செய்கிற விதம்தான் முக்கியம். கீரையில் நைட்ரேட் அதிகம். சமைத்த மசியலை வெளியில் வைத்தால் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதை ஆராய்ந்து, குடல் தொற்று உள்ள குழந்தைக்குக் கீரை வேண்டாம் என்றது. ஆகவே அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே, ஒரே வேளைக்கு. வேகவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள், நைட்ரேட்டில் கணிசமான பங்கு அதில் இறங்கியிருக்கும். வயிற்றுப்போக்கு நாட்களில் நிறுத்துங்கள். 6 மாதத்துக்கு முன் பேச்சே இல்லை.

வளர்ப்பவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்டால், நிழலில் வளர்த்தால் இலையில் நைட்ரேட் கூடும். வெயில் படும் தொட்டியில் வளர்த்து மாலையில் பறித்தால் காலையைவிடக் குறைவு.

சின்னத் தக்காளியை 4 வயது வரை முழுசாகக் கொடுக்க வேண்டாம். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், அடைத்துக்கொள்ளும்.

#13 வேர்முடிச்சு

அந்த 15 நிமிடத்துக்கு வருகிறேன். வேலையை நிமிடத்தால் பிரிக்காதீர்கள், பாதியில் விடக்கூடியதா என்று பிரியுங்கள். பறிப்பது, களை எடுப்பது, மூடாக்குப் போடுவது: குழந்தை அழுதால் அப்படியே விட்டுப் போகலாம். நாற்று மாற்றி நடுவது, மருந்து கலப்பது, வாளியில் துளை போடுவது: பாதியில் விட்டால் வேர் காயும், அல்லது திறந்த பாட்டிலும் டிரில்லும் தரையில் கிடக்கும். இரண்டாவது வகையை இன்னொரு பெரியவர் இருக்கும் நாளுக்கு ஒதுக்குங்கள்.

குழந்தையைக் கட்டிக்கொண்டு பறிக்கலாம், ஆனால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள், ஒரு கை குழந்தையின் முதுகில். தெளிப்பும் வெட்டுக் கருவியும் அப்போது கூடாது.

விதைப்பை இரவுக்கு மாற்றலாம், விதை நாடா செய்யுங்கள். மெல்லிய திசுத் தாளை 3 செ.மீ. அகல நாடாவாக வெட்டி, மைதாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, தீக்குச்சியால் 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு கீரை விதை. நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் முளைத்துவிடும் அல்லது பூசணம் பிடிக்கும். மறுநாள் ஈர மண்ணில் விரித்து அரை செ.மீ. மண் தூவினால் முடிந்தது. இரண்டு நிமிடம். மூன்று கீரைத் தொட்டிக்கும் ஒரே நாளில் விதைக்காமல் 10 நாள் இடைவெளி விடுங்கள்.

#14 வாளித்தோட்டம்

குழந்தைக்கே ஒரு தொட்டி கொடுத்துடுங்க, ஒன்றரை வயசுக்கு மேலே. அடியில் துளை ஏராளமா இருக்கணும், ஏன்னா ஒரே செடிக்குப் பத்து தடவை ஊத்தும். புதினா தாங்கும். ஊற்ற 200 மில்லி குவளை போதும். விதை போடும் ஆசை இருந்தால் முள்ளங்கி, நாலைந்து நாளில் முளைக்கும், காத்திருக்கிற பொறுமையைச் சோதிக்காது. பீன்ஸ் விதை பெருசு, மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகிற சைஸ், அதனால் 3 வயசு வரை வேண்டாம்.

நாற்றைப் பிடுங்குவதை நிறுத்த முடியாது. 15 செ.மீ. வளர்ந்த பிறகு நாற்றைக் கீழே இறக்குங்க, அதுவரை சின்ன நாற்றுத் தட்டில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

#15 புதுப்பாத்தி

அப்படியானால் இப்படி: தக்காளி குட்டை ரகம் 2, கத்தரி 1 டிரிப்பரில். மிளகாய் 2, கீரை 3 நீர்த்தேக்க வாளியில். டிரம் தரைத்தளத்தில் கட்டையின் மேல், பூட்டு மூடியோடு. காலி வாளி நான்கும் கவிழ்த்து. சரிதானே?

#16 சொட்டுக்குழாய்

சரி. மூணே டிரிப்பர்னா டிரம் கிட்டத்தட்ட ஒரு மாசம் வரும், அதனால் முழுசா நிரப்பாதீங்க. பாதி போதும், எடையும் பாதி. வெளிச்சம் புகாத நிறத்தில் டிரம் எடுங்க, இல்லைன்னா பாசி பிடிச்சு மூணு டிரிப்பரும் அடைச்சிடும்.

#17 மூன்றடி_உயரம்

கவிழ்த்த வாளியும் ஏறுவதற்குப் படிதான். அந்த நான்கையும் அறைக்குள் வையுங்கள்.